கவனப்பிசகும் நீதிமன்றமும்

சட்டத்தின் கண்ணில் தவறுகள் எல்லாம் ஒரே வகை அல்ல. ஏமாற்றும் எண்ணத்தோடு சொன்ன பொய் ஒன்று. காட்ட வேண்டிய அக்கறையைக் காட்டாத அலட்சியம் இன்னொன்று. எண்ணம் நேர்மையாக இருந்தும் கை தவறியோ கண் தவறியோ நேர்ந்துவிடுவது கவனப்பிசகு. இந்த மூன்றாவதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு, ஒப்பந்தச் சட்டத்தில் மூன்று நான்கு, குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தில் ஒன்று, காலவரையறைச் சட்டத்திலும் தேர்தல் சட்டத்திலும் சில என அதற்கான விதிகள் சிதறிக் கிடக்கின்றன. ஆனாலும் தீர்ப்புகளைச் சேர்த்து வாசித்தால் நீதிபதிகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்டிருப்பது தெரியும். சரியானது எது என்பதை, பிழை செய்தவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஏதாவது காட்டுகிறதா? பிழையைத் திருத்தினால், அதில் பங்கில்லாத வேறொருவர் இழப்பாரா? முதல் கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் விடை வந்தால் பெரும்பாலும் மன்னிப்பு உண்டு. விடை மாறினால், பிழை எவ்வளவு வெள்ளந்தியானதாக இருந்தாலும் அதன் விலையைச் செய்தவரே கொடுக்க நேர்கிறது.

தேனி மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்விகள் முதலில் எழும் இடம் நிலம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி, லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. வாய்க்கால் பாயும் நன்செய்க்கும் அதை ஒட்டிய மேட்டுப் புன்செய்க்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. அவை இரண்டும் ஒரே சர்வே எண்ணின் இரு உட்பிரிவுகளாகவும் இருக்கலாம். கிரயப் பத்திரத்தில் 2ஏ என்று இருக்க வேண்டிய இடத்தில் 2பி என்று விழுந்துவிட்டால், காகிதப்படி வாங்கியவருக்கு வேறு நிலம் சொந்தமாகிவிடுகிறது. பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதும்போது ஒரு வரி தாவிவிடுவதும், கணினியில் முந்தைய பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியான தபசிலை எடுத்து மாற்றும்போது ஓர் எண் மாறாமல் நின்றுவிடுவதும் இதற்குப் போதும்.

தமிழ்நாட்டுப் பத்திரங்களின் தபசில் ஒரு நிலத்தை ஒரே அடையாளத்தால் மட்டும் சொல்வதில்லை. பதிவு மாவட்டம், சார்பதிவகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு மால், நடைபாதை, நீர் பாயும் மாமூல் பாத்தியம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடையாளங்கள் வருகின்றன. அவசரத்தில் வாசிப்பவருக்கு இது வீண் நீட்டலாகத் தோன்றலாம். ஆனால் கவனப்பிசகிலிருந்து சொத்தைக் காப்பாற்றுவது இந்த நீட்டல்தான். ஓர் அடையாளம் பிழைபட்டாலும் மற்றவை உண்மையைச் சொல்லும். அடையாளங்கள் முரண்படும்போது எது மேலோங்கும் என்ற கேள்விக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 1920களிலேயே பதில் சொல்லிவிட்டது. சுப்பைய சக்கிலியர் வழக்கில், பரப்பளவும் எல்லைகளும் ஒத்துப்போகாவிட்டால் எல்லைகளையே கொள்ள வேண்டும் என்று அது தீர்த்தது. அந்தக் கருத்து இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. காரணம் எளிது. எண்ணை எழுதுபவர் தவறலாம். கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னாருடைய தோட்டம் என்று நிலத்தைச் சுற்றி நடந்து சொன்னவர் தவறுவது அரிது.

இதே கருத்தை உச்ச நீதிமன்றம் 1961இல் சியோத்யான் சிங் எதிர் சனிச்சரா குவர் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது. பீகாரில் அடமானத் தீர்ப்பொன்றை நிறைவேற்ற நிலம் ஏலம் போனது. விற்பனைச் சான்றிதழில் மனை எண் 160 என்று இருந்தது. உண்மையான எண் 1060. நடுவில் ஒரு சுழியம் விடுபட்டிருந்தது. பரப்பும் எல்லைகளும் கணக்கு எண்ணும் 1060ஆம் மனையோடு பொருந்தின. இது ஒரு நிலத்துக்குப் பதிலாக வேறொரு நிலம் விற்கப்பட்ட சங்கதி அல்ல, விற்ற நிலத்தைத் தவறாக விவரித்தது மட்டுமே என்று நீதிமன்றம் கண்டது. இந்த வேறுபாடே இன்றைக்கும் வழக்குகளைத் தீர்மானிக்கிறது. எந்தச் சொத்து என்பதில் தரப்புகளுக்குள் உண்மையில் ஒத்த மனம் இருந்து, எழுத்தில் மட்டும் அது பிசகியிருந்தால் திருத்தலாம். எந்தச் சொத்து என்பதிலேயே ஒத்த மனம் இல்லாவிட்டால் திருத்துவதற்கு எதுவும் இல்லை. ஒப்பந்தமே இல்லாமல் போகிறது.

நடைமுறையில் இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவை நீதிமன்றம் வரை போவதில்லை. விற்றவரும் வாங்கியவரும் சார்பதிவகத்துக்குச் சென்று பிழைத்திருத்தல் பத்திரம் பதிந்துகொள்கிறார்கள். சிக்கல் காலத்தால் வருகிறது. விற்றவர் இறந்துபோயிருப்பார். வாரிசுகள் திருப்பூரிலோ கேரளத்திலோ இருப்பார்கள். அல்லது நிலத்தின் விலை ஏறியிருப்பதைப் பார்த்துக் கையெழுத்துக்குப் புதுத் தொகை கேட்பார்கள். அப்போது 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் 26ஆம் பிரிவின் கீழ் பத்திரத்தைத் திருத்தக் கோரி வழக்குப் போட வேண்டும். அந்தப் பிரிவு கேட்பது, இரு தரப்புக்கும் பொதுவான பிழை. வாங்கியவர் மனதில் மட்டும் ஒரு நிலம் இருந்து, விற்றவர் மனதில் வேறு நிலம் இருந்தால் இந்தப் பிரிவு உதவாது. பத்திரத்தில் எழுதியதற்கு மாறாக வாய்மொழிச் சாட்சியம் கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 92ஆவது பிரிவு சொன்ன பொது விதி. ஆனால் அதன் முதல் காப்புரையிலேயே பிழையை நிறுவுவதற்கு விலக்கு இருந்தது. புதிய சாட்சியச் சட்டமும் அதை விட்டுவிடவில்லை.

26ஆம் பிரிவில் அதிகம் கவனிக்கப்படாத வரம்பு ஒன்று உண்டு. நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கிய மூன்றாம் நபரின் உரிமைக்குக் கேடு வராத அளவுக்கே திருத்தலாம். தவறான உட்பிரிவைப் பத்திரத்தில் கண்டு, வில்லங்கச் சான்றும் பார்த்து, நம்பி வாங்கிய ஒருவர் இடையில் வந்துவிட்டால் பழைய பிழையைத் துடைத்து அவரை வெளியேற்ற முடியாது. காலக்கெடுவிலும் இதே தராசுதான். காலவரையறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பிழையின் விளைவிலிருந்து விடுபடக் கோரும் வழக்குக்கு, பிழை தெரிய வந்த நாளிலிருந்தோ முறையான அக்கறை காட்டியிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ காலம் ஓடத் தொடங்குகிறது. இந்த இரண்டாம் பாதி முக்கியமானது. பத்திரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு 20 ஆண்டு எடுத்தே பார்க்காதவர், இப்போதுதான் தெரிந்தது என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. கண்டுபிடித்திருக்க வாய்ப்பு இருந்ததா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும்.

பத்திரப் பிழையைவிடப் பரவலானது பட்டாப் பிழை. அதன் பெரும்பகுதிக்கு ஒரு பொது மூலம் உண்டு. 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை தமிழ்நாடு முழுவதும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. மக்கள் வாயில் அது யுடிஆர். கிராமம் கிராமமாகச் சென்று யார் எந்த நிலத்தை அனுபவிக்கிறார் என்று பார்த்துப் பதிவேடுகளைப் புதுப்பிப்பது அதன் நோக்கம். வேலையின் அளவு மிகப் பெரியது. அதனால் பக்கத்து நிலக்காரரின் பெயர் ஏறியது, அண்ணன் தம்பிகளில் ஒருவர் பெயர் விடுபட்டது, தனிப் பட்டா கூட்டுப் பட்டாவானது, ஏக்கர் சென்ட் மாறியது போன்ற பிழைகள் நிறைய விழுந்தன. பிற்காலத்தில் கணினியில் ஏற்றியபோது பெயரெழுத்துப் பிழைகளும் சேர்ந்துகொண்டன. தேனி மாவட்டத்தில் இன்னொரு அடுக்கும் உண்டு. போடிநாயக்கனூர், கண்டமனூர் போன்ற ஜமீன்களுக்கு உட்பட்டிருந்த ஊர்கள், 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே ரயத்துவாரி முறைக்கு வந்தன. அங்கே மூலத்தைத் தேடிப் போகிறவர் அந்த மாற்றத்தின்போது உருவான நிலவரித் திட்டப் பதிவேடு வரை போக வேண்டும். மாவட்டமே 1996இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது என்பதால் அதற்கு முந்தைய ஆவணங்கள் மதுரை மாவட்டம் என்றே பேசும். இதைப் பிழையென்று எண்ணி அலைபவர்களும் உண்டு. அது பிழை அல்ல, அன்றைய நிர்வாக எல்லை.

பட்டாப் பிழையைத் திருத்தும் வேலை முதலில் வருவாய்த் துறையுடையது. வட்டாட்சியரிடம் மனு, 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ்புக் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்று அது ஏறும். ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியிலும் மனு கொடுக்கலாம். மூலப் பத்திரமும் பழைய அ-பதிவேடும் ஒன்றையே சொல்லி, யுடிஆர் பதிவு மட்டும் வேறாக இருந்தால் அது எழுத்துப் பிழை. அதை அலுவலரே திருத்தலாம். எதிர்த் தரப்பு, அந்த நிலம் என்னுடையதுதான், பதிவு சரிதான் என்று உரிமை கோரத் தொடங்கிய அடுத்த கணமே பிழை தகராறாக மாறிவிடுகிறது. தகராறை வருவாய் அலுவலர் தீர்க்க முடியாது. விஸ்வாஸ் ஃபுட்வேர் எதிர் காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் வழக்கில் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. உரிமைத் தகராறு எழுந்தால் உரிமையியல் நீதிமன்றமே இடம். பட்டா தன்னளவில் உரிமைப் பத்திரமும் அல்ல. சரியான பத்திரம் கையிலிருக்க, பட்டாவில் பெயர் மாறிய ஒரே காரணத்தால் நிலம் பறிபோய்விட்டதாகப் பதறுவோருக்கு இந்தச் சட்டநிலை பெரிய ஆறுதல். ஆனால் பெயர் மாறிய பட்டாவை வைத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கவோ, அரசு நிவாரணம் பெறவோ முடியாது. ஆறுதல் கிடைத்தாலும் அலைச்சல் மிஞ்சுகிறது. பிழையைச் செய்தது அரசு ஊழியர். அதைத் திருத்தும் பாரமோ குடிமகன் தலையில் விழுகிறது. இந்தச் சமனின்மையைச் சட்டம் இன்னும் முழுதாக எதிர்கொள்ளவில்லை.

நீதிமன்றமே தவறினால் என்ன ஆகும்? உரிமையியல் நடைமுறைச் சட்டம் 152ஆம் பிரிவு இதற்கானது. தீர்ப்பிலோ தீர்ப்பாணையிலோ எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, தற்செயலான விடுபடல் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். யாரும் கேட்காமல் நீதிமன்றம் தானாகவும் செய்யலாம். சொத்து விவரத்தில் சர்வே எண் தவறியிருந்தால் இப்பிரிவின் கீழ் திருத்துவது வழக்கமானது. ஆனால் இதைப் பின்கதவாக்கக் கூடாது. நீதிபதி சொல்ல நினைத்து எழுத்தில் தவறியதைத் திருத்தலாம். சொல்ல நினைக்காததைப் புதிதாகச் சேர்க்க முடியாது. துவாரகா தாஸ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைக் கண்டிப்பாகக் கிழித்தது. தீர்ப்பாணையில் வழங்கப்படாத வட்டியை, விடுபட்டுப்போனது என்று சொல்லி 152இன் வழியே பின்னர் சேர்த்ததை அது ஏற்கவில்லை. குற்ற வழக்குகளில் கோடு இன்னும் குறுகியது. கையெழுத்திட்ட தீர்ப்பில் எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் தவிர எதையும் தொட முடியாது.

நீதிமன்ற ஊழியரின் பிழைக்குக் குடிமகன் பலியாகலாமா என்ற கேள்வி ஒரு ரூபாயில் வந்து நின்றது ஜங் சிங் எதிர் பிரிஜ் லால் வழக்கில். பஞ்சாபில் நிலத்தை முன்னுரிமையில் வாங்கக் கோரிய வழக்கு அது. குறித்த நாளுக்குள் 1958இல் ஒரு தொகையைக் கட்ட வேண்டும், தவறினால் வழக்கு தள்ளுபடி. வழக்காடியவர் நாள் இருக்கும்போதே நீதிமன்றத்தை அணுகினார். அலுவலகம் தயாரித்துத் தந்த சலானில் ஒரு ரூபாய் குறைந்திருந்தது. அவர் அதில் கண்டபடியே கட்டினார். ஒரு ரூபாய் குறைவு என்று எதிர்த் தரப்பு கிளப்பிய வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றத்தின் செயல் எவருக்கும் தீங்காகக் கூடாது என்ற பழைய கோட்பாட்டை 1963இல் அது நிலைநிறுத்தி, குறையைக் கட்ட வாய்ப்பளித்தது. கட்ட வேண்டிய தொகையை அறியும் பொறுப்பு வழக்காடுபவருக்கும் உண்டு என்ற எதிர்வாதத்தில் நியாயமே இல்லாமல் இல்லை. ஆனால் நீதிமன்றத்தின் தாளை நம்பியதற்காக ஒருவர் நிலத்தை இழப்பதை எந்த நீதியும் பொறுக்காது.

பிழைகளில் வழக்கறிஞர் அறைகளில் அதிகம் புழங்குவது நாள் தவறல். மேல்முறையீட்டுக்கு 30 நாள், 90 நாள் என்று சட்டம் நாள் குறிக்கிறது. அதைத் தாண்டியவர் காலவரையறைச் சட்டம் 5ஆம் பிரிவின் கீழ் போதுமான காரணம் காட்ட வேண்டும். 1987இல் அனந்தநாக் நில எடுப்பு ஆட்சியர் எதிர் கட்டிஜி வழக்கில் வெறும் 4 நாள் தாமதத்தை வைத்து உச்ச நீதிமன்றம் ஒரு தாராளமான அணுகுமுறையை வகுத்தது. ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் வேண்டும் என்ற விதியை மூடத்தனமாகப் பிடித்துத் தொங்கக் கூடாது என்றது. இதன் உச்சம் தமிழ்நாட்டிலிருந்து போன என். பாலகிருஷ்ணன் எதிர் எம். கிருஷ்ணமூர்த்தி வழக்கு. தாமதம் 883 நாள். காரணம் வழக்கறிஞரின் கவனக்குறைவு. அந்த வழக்கறிஞர் மீது நுகர்வோர் மன்றத்துக்குப் போய் இழப்பீட்டு உத்தரவும் வாங்கியிருந்தார் மனுதாரர். விசாரணை நீதிமன்றம் தாமதத்தை மன்னித்தது, உயர் நீதிமன்றம் மறுத்தது, உச்ச நீதிமன்றம் 1998இல் மீண்டும் மன்னித்தது. நாளின் நீளம் அல்ல, விளக்கத்தின் நேர்மையே அளவுகோல் என்பது அதன் சாரம். நுகர்வோர் மன்ற உத்தரவு அங்கே செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். மனுதாரர் தூங்கிக்கிடக்கவில்லை என்பதற்கு அவருடைய சொல்லுக்கு வெளியே ஒரு சாட்சியாக அது நின்றது.

தாராளத்துக்கு எதிர்க்கரையும் உண்டு. முதன்மை அஞ்சல்துறைத் தலைவர் அலுவலகம் எதிர் லிவிங் மீடியா வழக்கில் 2012இல், 427 நாள் தாமதத்துக்குக் கோப்பு நகர்ந்த கதையைச் சொன்ன அரசுத் துறையை உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. தனி வழக்கறிஞர் படையே வைத்திருக்கும் அரசு, ஏழைக் குடியானவருக்குக் கிடைக்கும் சலுகையைக் கேட்க முடியாது. வழக்கறிஞர் பிழை விஷயத்திலும் இரு குரல்கள் உள்ளன. வழக்கறிஞரை அமர்த்தி, கட்டணம் கொடுத்து, ஊரில் நம்பிக் காத்திருந்த கிராமத்தான் அவர் வராததற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்றது 1981இன் ரஃபிக் எதிர் முன்ஷிலால். 1993இன் சலீல் தத்தா வழக்கில், நகரத்தில் படித்தவர்கள் நடத்தும் நிறுவனம் எல்லாவற்றையும் வழக்கறிஞர் தலையில் போட்டுவிட்டு ஒதுங்க முடியாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டும் முரண் அல்ல. கவனிக்க வேண்டிய திறன் யாருக்கு எவ்வளவு இருந்தது என்பதையே இரண்டும் எடை போட்டன. சின்னமனூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருந்து லட்சுமிபுரம் மாவட்ட நீதிமன்றத்துக்கு இரண்டு பேருந்து மாறி வரும் விவசாயியையும் மாநகர நிறுவனத்தையும் ஒரே அளவால் அளப்பது நியாயமாகாது.

இந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய தவறு ஒன்று, வழக்கைத் தவறான நீதிமன்றத்தில் போடுவது. போடி, கம்பம், கூடலூர்க்காரர்கள் பலரது ஏலத் தோட்டங்கள் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தில் இருக்கின்றன. வாங்கியவர், விற்றவர், இடைத்தரகர் மூவரும் தமிழ்நாட்டில் இருந்தாலும், நிலத்தின் மீதான வழக்கு அந்நிலம் இருக்கும் எல்லைக்குள்தான் நடக்க வேண்டும் என்கிறது நடைமுறைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. உத்தமபாளையத்தில் போட்ட வழக்கு சில ஆண்டு நடந்தபின் அதிகாரம் இல்லை என்று திருப்பித் தரப்பட்டால், அதற்குள் காலக்கெடு முடிந்திருக்கலாம். காலவரையறைச் சட்டம் 14ஆம் பிரிவு இங்கே கைகொடுக்கிறது. நல்லெண்ணத்தோடும் முறையான முனைப்போடும் தவறான மன்றத்தில் செலவான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எதிர்த் தரப்பு ஆரம்பத்திலேயே ஆட்சேபம் சொல்லியும் பிடிவாதமாக நடத்தியவருக்கு இந்தச் சலுகை சந்தேகம்தான்.

ஒப்பந்தங்களில் சட்டம் கொஞ்சம் கறாரானது. இரு தரப்பும் ஒப்பந்தத்துக்கு அடிப்படையான ஒரு செய்தியைத் தவறாக எண்ணியிருந்தால் ஒப்பந்தம் செல்லாது, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 20ஆம் பிரிவு. ஒரு தரப்பு மட்டும் தவறியிருந்தால் அதனாலேயே தப்பிக்க முடியாது, 22ஆம் பிரிவு. தவறுதலாகக் கொடுத்த பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும், 72ஆம் பிரிவு. கைபேசியில் தவறான எண்ணுக்குப் போன பணத்துக்கும் கொள்கை இதுவே. ஏலத்தில் கூடுதலாக ஓர் இலக்கம் அழுத்திவிட்ட வியாபாரிக்கு 22ஆம் பிரிவு சுமை. அந்த விலையே பிழையென்று விற்பவருக்கும் வெட்ட வெளிச்சமாகத் தெரிந்திருந்தால் மட்டும் வாதாட இடம் உண்டு. ஒப்பந்தப்புள்ளிகளில் அந்த இடமும் சுருங்கிவிடுகிறது. மேற்கு வங்க மின் வாரியம் எதிர் படேல் எஞ்சினியரிங் வழக்கில் 2001இல், கணினியால் பரவிய பிழைகளைத் திருத்தித் தர வேண்டும் என்ற ஒப்பந்ததாரரின் கோரிக்கை மறுக்கப்பட்டது. அவர் ஏமாற்றவில்லை. ஆனால் அவருக்கு இளகினால், விதிப்படி கவனமாக எழுதிக் கொடுத்த மற்றவர்களுக்கு அநீதி. முதலில் சொன்ன இரண்டாம் கேள்வி இங்கே முதலாவதை முழுங்கிவிடுகிறது.

உடலுக்கும் உயிருக்கும் தீங்கு நேர்ந்த வழக்குகளில் கவனப்பிசகு என்பது சாக்கே அல்ல. குமுளி சாலையில் கண நேரம் கண் விலகி மோதிய ஓட்டுநருக்குத் தீய எண்ணம் இல்லை என்பது இழப்பீட்டைக் குறைக்காது. குற்றப் பொறுப்புக்கு மட்டும் அளவு கூடுகிறது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், மருத்துவரின் கணிப்புப் பிழையைக் குற்றமாக்க முடியாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்றது.

வரி விவகாரங்களில் கடந்த சில ஆண்டுகளாகக் கவனப்பிசகு அடிக்கடி பேசப்படுகிறது. அடித்தளம் 2012இன் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ் வழக்கு. பணிக்கொடைக்கு ஒதுக்கிய தொகை கழிக்கத்தக்கதல்ல என்று நிறுவனத்தின் தணிக்கை அறிக்கையே சொல்லியிருந்தது. அதே அறிக்கையோடு தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கிலோ அந்தத் தொகை கழிக்கப்பட்டிருந்தது. மறைக்க நினைப்பவர் உண்மையைத் தானே எழுதி இணைப்பாரா என்பது நீதிமன்றத்தின் நியாயமான தர்க்கம். எவருக்கும் நேரும் மனிதப் பிழை என்று அபராதத்தை நீக்கியது. சரக்கு சேவை வரி வந்தபின் பிழைகள் படிவங்களுக்குள் புகுந்தன. சன் டை கெம் வழக்கில் 2020இல் சென்னை உயர் நீதிமன்றம், வரியைத் தவறான தலைப்பில் காட்டிய வியாபாரிக்குக் கணக்கைத் திருத்த அனுமதித்தது. அடுத்த ஆண்டே பார்தி ஏர்டெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. ரூ. 923 கோடி திரும்பக் கேட்ட நிறுவனத்திடம், உன் கணக்கு உன்னிடமே இருந்ததே என்றது. பிறகு 2025 மார்ச்சில் அபர்டேர் டெக்னாலஜீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தொனி மாறியது. மனிதர்கள் பிழை செய்வது இயல்பு, வருவாய்த் துறையும் செய்கிறது, எழுத்துப் பிழையைத் திருத்தும் உரிமை தொழில் செய்யும் உரிமையிலிருந்து வருகிறது, மென்பொருள் இடம் தரவில்லை என்பது காரணமாகாது என்று அது கூறியது. சிறு வியாபாரிகளுக்கு இந்தக் கடைசி வாக்கியம் முக்கியமானது. அலுவலரிடம் முறையிடலாம். திருத்தத்தை ஏற்காத இணையதளப் பெட்டியிடம் முறையிட முடியாது.

போடியிலிருந்து ஏலக்காய் ஏற்றிச் செல்லும் லாரிக்கு இணைய வழிச் சரக்குச் சீட்டு வேண்டும். அதில் வாகன எண்ணில் ஓர் எழுத்து தவறினால் முழு வரியும் அதற்கு நிகரான அபராதமும் கேட்டுச் சரக்கையே பிடித்துவைத்த காலம் இருந்தது. மத்திய மறைமுக வரி வாரியம் 2018 செப்டம்பர் 14இல் வெளியிட்ட சுற்றறிக்கை, பெயரெழுத்துப் பிழை, அஞ்சல் குறியீட்டுப் பிழை, வாகன எண்ணில் ஓரிரு இலக்கப் பிழை போன்றவற்றுக்கு மத்திய, மாநிலச் சட்டங்களின் கீழ் தலா ரூ. 500 போதும் என்றது. சீட்டின் காலம் முடிந்த பிழைக்கும் இதே பரிவு 2022இல் கிடைத்தது. சத்யம் சிவம் பேப்பர்ஸ் வழக்கில், போராட்ட நெரிசலில் மாட்டிய வண்டியின் சீட்டு காலாவதியானதை வரி ஏய்ப்பாகக் கொண்ட தெலங்கானா அலுவலரைக் கண்டித்து, உயர் நீதிமன்றம் விதித்ததற்கு மேல் ரூ. 59,000 செலவுத் தொகையை உச்ச நீதிமன்றம் விதித்தது.

பொதுவாழ்வில் கவனப்பிசகை மன்னிக்கலாமா என்ற கேள்வி தேனித் தொகுதியிலேயே பெரிதாக எழுந்தது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வேட்புமனுப் பிழைகளிடம் பொதுவாக இரக்கம் காட்டுகிறது. பெயரிலும் வாக்காளர் எண்ணிலும் நேரும் எழுத்து, அச்சுப் பிழைகள் மனுவைப் பாதிக்காது. கணிசமான தன்மை இல்லாத குறைக்காகத் தேர்தல் அலுவலர் மனுவைத் தள்ளக் கூடாது என்கிறது 36ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு. சொத்து விவர உறுதிமொழி ஆவணம் வேறு வகை. அதைப் படித்துத்தான் வாக்காளர் முடிவெடுக்கிறார். 2019 மக்களவைத் தேர்தலில் தேனியில் 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்ற ஓ.ப. ரவீந்திரநாத் சொத்து விவரங்களை முழுமையாகக் காட்டவில்லை என்று ஒரு வாக்காளர் தொடர்ந்த வழக்கில், நீதிபதி எஸ்.எஸ். சுந்தர் 2023 ஜூலை 6 அன்று அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. அவர் உறுப்பினராகத் தொடர்ந்தார்.

விடுபடல் எப்போது கணிசமானது என்பதற்கு உச்ச நீதிமன்றம் விரிவாக விடை சொன்னது வேறொரு வழக்கில். அருணாசலப் பிரதேசத்தின் தேசு தொகுதியில் வென்ற காரிகோ கிரியின் மனைவி, மகன் பெயர்களில் பதிவாகியிருந்த, ஆனால் முன்பே கொடுத்தோ விற்றோ கைமாறிவிட்ட மூன்று வாகனங்கள் உறுதிமொழியில் இல்லை என்பதற்காகக் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அவருடைய தேர்தலை ரத்து செய்திருந்தது. 2024 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. வேட்பாளரின் ஒவ்வொரு சிறு பொருளையும் அறியும் உரிமை வாக்காளருக்கு இல்லை, விடுபட்ட பொருளின் மதிப்பு அவருடைய வாழ்க்கைத் தரத்தை மறைக்கும் அளவுக்கு இருக்கிறதா என்று ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றது. அதற்கு அந்தத் தீர்ப்பு தந்த உதாரணம் கைக்கடிகாரம். சாதாரணக் கடிகாரம் ஒன்றை எழுதாமல் விட்டால் அது குறையே அல்ல. விலையுயர்ந்த கடிகாரங்கள் பலவற்றை வைத்திருப்பவர் அவற்றை எழுதியே ஆக வேண்டும்.